அந்நியர் வந்தால் ஆங்கிலம்

கும் எர்வின்,
ஞாயிறு மதியம், மழை.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மெரெரித் அக்காவுக்கு,

தம்பி இத்வால் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் சௌக்கியம். என் மானம் மட்டும்தான் சௌக்கியமாக இல்லை. லிவர்பூலில் நீயும் அத்தானும் அவருடைய முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று முறைப்படி விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். வியாழக்கிழமை ரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன். எத்தனை நாள் என்று கேட்காதே. ஊர் மறக்கிற வரைக்கும்.

நம் கால்பந்துக் கிளப்பின் உடைமாற்றும் அறை உனக்குத் தெரியும். போன குளிர்காலப் புயலில் அதன் கூரையில் பாதி பறந்துபோய், மீதிப் பாதி எப்போது போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மே மாதத்துக்குள் புது அறை கட்டாவிட்டால் லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்களாம். நீக்கினால் பக்கத்து ஊர் லான்வெட்வென் கிளப்போடு சேர வேண்டியதுதான். லான்வெட்வெனோடு, அக்கா! அவர்கள் சட்டையை நம் பையன்கள் போட்டுக்கொண்டு! நடக்கிற காரியமா? மிச்சமிருந்த ஒரே வழி கார்டிஃபில் இருக்கிற நம் வேல்ஸ் அரசின் திட்டம். வெல்ஷ் மொழியிலேயே நடக்கிற விளையாட்டுக் கிளப்புகளுக்கு அவர்களே அறை கட்டித் தருகிறார்கள். செயலாளன் என்ற முறையில் நானும் விண்ணப்பத்தில், "எங்கள் கிளப்பில் மூச்சு விடுவதுகூட வெல்ஷில்தான்" என்று எழுதிவிட்டேன். அது பொய்யில்லை, நீயே சாட்சி. ஆனால் பதில் வந்தது பார்: சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஓர் அதிகாரி வருவார், தான் யாரென்று சொல்லமாட்டார், நின்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த ஒரு வாரம் ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நம் பையன்களுக்கு எல்லாம் வெல்ஷ்தான், திட்டுவது மட்டும் ஆங்கிலம். அதனால் சுத்தமான வெல்ஷ் வசவுகளாகப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டேன். சரிபார்க்க அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இன்னும் நாலு சேர்த்தாள், அக்கா. அந்த நாலும் எனக்கே புதுசு.

சனிக்கிழமை கறுப்புக் கோட்டும் குறிப்பேடுமாக ஒருவர் வந்து நின்றார். தலைவர் எல்வின் என் முழங்கையைக் கிள்ளி, "ஆளு வந்துட்டான்டா!" என்றார். தேநீர் மேசை நெஸ்டா அவர் கையில் பாரா ப்ரித் கேக்கைத் திணித்தாள். ஆளாளுக்கு அவரைச் சூழ்ந்துகொண்டு வெல்ஷில் பொழிந்தோம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இதற்கிடையில் மஞ்சள் மழைக்கோட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக ஒரு பெண்மணி வந்து மேசையோரம் ஒதுங்கினார். மலையேற வந்தவர் என்று நினைத்துக்கொண்டோம். நம் வளர்ப்புதான் உனக்குத் தெரியுமே! தெரியாத முகம் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் போதும், நாக்கு தானாக ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். புரியாத மொழியில் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் சங்கடப்படுவாரே என்கிற மரியாதை. (பெரும்பாலும் அவரைப் பற்றித்தான் பேசுவோம், அது வேறு கதை.) நெஸ்டா ஆங்கிலத்தில் உபசரித்தாள். மாற்று ஆட்டக்காரர்கள் ஆங்கிலத்தில் அரட்டை அடித்தார்கள். நான் அந்த அம்மாளுக்கு அரைமணி நேரம், அழகான ஆங்கிலத்தில், வெல்ஷ் மொழியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடைவேளை. கறுப்புக் கோட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க, நீங்க பேசினது ஒண்ணுமே எனக்குப் புரியல. என் தங்கச்சி மகன் எதிர் டீம்ல ஆடுறான். இந்த கேக் இன்னொரு துண்டு கிடைக்குமா?"

அந்த நேரம் பார்த்து மஞ்சள் கோட்டு அம்மாள் நெஸ்டாவிடம் கோப்பையை நீட்டி, நம் வடக்கத்தி வெல்ஷில், கணீரென்று கேட்டார்: "இன்னும் கொஞ்சம் பால் ஊத்துறீங்களாம்மா?"

நெஸ்டா மேசைத்துணியில் ஊற்றினாள்.

எல்வின் என்னைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "அந்தம்மா எப்பலேர்ந்து நிக்குது?"

"ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து."

"நீ என்னத்தப் பேசிட்டிருந்த?"

"வெல்ஷோட பெருமையப் பத்தி."

"எந்த பாஷையிலடா?"

நான் மழையைப் பார்த்தேன்.

"சொல்லித் தொலைடா, லான்வெட்வென்காரா!" என்றார். அக்கா, நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு வசவு வாங்குவேன் என்று நான் நினைக்கவில்லை. என் பட்டியலிலேயே இவ்வளவு கொடியது கிடையாது.

இரண்டாம் பாதியில் கொட்டாவி விட்டவன்கூட வெல்ஷில்தான் விட்டான். என்ன பிரயோஜனம்? அந்த அம்மாள் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். நம் பையன்கள் பந்தை விட்டுவிட்டு அந்தப் பேனாவையே பார்த்ததில், இரண்டு கோல் முன்னால் இருந்தவர்கள் மூன்று வாங்கித் தோற்றோம். கிளம்பும்போது அந்த அம்மாள் "பார்க்கலாம்" என்றார். அரசாங்கத்து ஆள் சொல்கிற "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று காலை சேப்பல் பிரார்த்தனையில் என் பெஞ்சில் நான் ஒருவன்தான். செயலாளர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். எல்வின் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முதுகுக்கு என் அனுதாபம். உன் வீட்டு அடுப்பு அணையாமலும் கூரை பறக்காமலும் இருக்கக் கடவுள் காப்பாராக.

இப்படிக்கு,
ஊரைக் கவிழ்த்த உன் தம்பி,
இத்வால்

பி.கு.: திங்கள் காலை, உறையை ஒட்டுமுன். மேலே எழுதியது எதையும் படிக்காதே. ரயிலும் இல்லை, ராஜினாமாவும் இல்லை. அந்த அம்மாளே போன் செய்தார். அறைக்கு அனுமதி கிடைத்துவிட்டது! "பாதி ஆட்டம் வரைக்கும் இங்கிலீஷ்தானே கேட்டீங்க?" என்று கேட்டேன். "அதைத்தான் எழுதினேன்," என்றார். "நான் வந்து நின்ன நிமிஷமே சொல்லி வச்ச மாதிரி அத்தனை பேரும் மாறினீங்களே. பிறந்ததுலேர்ந்து வெல்ஷ் பேசுறவங்கதான் அப்படி மாறுவாங்க. மீட்டர் பார்க்க ஆள் வந்தா எங்க வீட்லயும் இதே கூத்துதான்." ஒரே நிபந்தனை: இனிமேல் எந்த அந்நியர் வந்தாலும் கிளப்பின் முதல் வார்த்தை வெல்ஷில் இருக்க வேண்டும். அம்மா தலைமேல் சத்தியம் செய்தேன். இடத்தை அளக்க இன்றைக்கே ஓர் அலுவலர் வருவார் என்றும் சொன்னார். போனை வைத்தேன், கதவு தட்டப்பட்டது. கையில் அளவு நாடாவோடு, தெரியாத முகம். "குட் மார்னிங், ப்ளீஸ் கம் இன்" என்று சொல்லி முடித்துவிட்டேன், அக்கா.

அவர் இப்போது என் சமையலறையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு?