கரடிக்குட்டி விடுதலை இயக்கம்

மனிதகுலம் இதுவரை கண்ட விடுதலைப் போராட்டங்களில் ஆகச் சிறந்தது, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கூட்ட அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளின் மீது அமர்ந்தபடி தொடங்கப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இதை இன்னும் எழுதவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும். ஆகவே, இயக்கத்தின் செயலாளர் என்ற முறையில், அந்தப் பொறுப்பை நானே தலையில் போட்டுக்கொள்கிறேன்.

எங்கள் எதிரி அரசாங்கம். அது செய்த கொடுமையைக் கேட்டால் கல்நெஞ்சும் கரையும். உடம்புக்கு ஆகாத தின்பண்டங்களை 'ஆசைகாட்டி விற்கக் கூடாது' என்று சட்டம் போட்டுவிட்டது. தின்னக் கூடாது என்று சொல்லவில்லை. விற்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது மன்னித்திருப்போம்.

கரடிக்குட்டி கிரீம் பிஸ்கட்டின் உறையிலிருந்து கரடியைத் துரத்தினார்கள். சாம்பல் நிற உறையில் 'பிஸ்கட்' என்ற சொல் மட்டும் அநாதையாக நின்றது. "கரடிக்குட்டி கதவைத் தட்டுது, கையில ரெண்டு பிஸ்கட் நீட்டுது" என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஒலித்த அமரகீதம் நின்றுபோனது. கடையில் பணம் கட்டும் வரிசையில் நிற்பவர் கைக்கு எட்டும்படி அடுக்கியிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டுபோய், தரை துடைக்கும் திரவத்துக்குப் பக்கத்தில் கீழ்த்தட்டில் வைத்தார்கள். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற மனிதநேயத் திட்டத்துக்கும் மூடுவிழா நடந்தது.

மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஐந்தாம் மாடி அம்மாள் முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து கடைக்குப் போனேங்க. வாங்க வேண்டியதை மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தா பாதிகூட நிறையலை. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

பின்வரிசையில் ஓர் இளம் தந்தை தழுதழுத்தார். "என் பையன் கடையில அழவே இல்லைங்க. எல்லாரும் எங்களையே பார்க்கறாங்க. அழாத குழந்தையைக் கூட்டிக்கிட்டு வர்றது எவ்வளவு சங்கடம் தெரியுமா?"

இந்தக் கண்ணீரை எல்லாம் ஒரே ஆறாகத் திருப்பிவிட ஒரு தலைவர் தேவைப்பட்டார். அவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். என் அக்காவின் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். யார் விடுப்புக் கேட்டாலும் முடியாது என்று சொல்லிச் சொல்லியே உரமேறிய குரல் அவருக்கு. அந்தக் குரலோடு, சர்க்கரை வியாதியும் இடது பாதத்தில் ஆறாத ஒரு புண்ணும் இருந்தன. தலைவருக்கு உரிய தகுதிகளில் அவற்றையும் சேர்த்தே நான் மதிப்பிட்டேன்.

மருத்துவர் அவரிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். "இந்தப் புண் ஆறலைன்னா காலை எடுக்க வேண்டி வரும். முதல்ல பிஸ்கட்டை நிறுத்துங்க."

"டாக்டர், என்னை யாரும் சாப்பிடச் சொல்றதில்லை. நானாத்தான் சாப்பிடறேன்."

"அப்போ நீங்களாவே நிறுத்துங்க."

"நிறுத்தலாம். ஆனா நீங்க சொல்லி நிறுத்தினேன்னு ஆயிடுமே?"

சுயமரியாதை என்றால் அது. அக்கா மட்டும் சமையலறையில் போய் மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு அரசியல் புரியாது.

அத்தான் தலைவரானார். நான் செயலாளரானேன். மூன்றாம் மாடிப் பல் மருத்துவர் பொருளாளரானார். பிஸ்கட் இல்லாத சமுதாயத்தின் எதிர்காலத்தை எண்ணி அவர் பட்ட கவலை உண்மையானது. அறையின் மூலையில், டை கட்டிய ஒருவர் ஒரு வண்டி நிறைய பதாகைகளோடு உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் கம்பெனியின் தொடர்பு அதிகாரி. "நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேங்க" என்றார். மக்கள் தன்னெழுச்சியாக எழுப்ப வேண்டிய முழக்கங்கள் எல்லாம் அந்தப் பதாகைகளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது எங்கள் நல்வாய்ப்பு.

இயக்கத்தின் மூலத் தீர்மானத்தை நான் வடித்தேன். 'விளம்பரம் எங்களை எதுவும் செய்வதில்லை. ஆகவே, விளம்பரம் இல்லாமல் எங்களால் வாழ முடியாது.' அத்தான் அதைப் படித்து முடித்ததும் கைதட்டலில் சுவர்க் கடிகாரம் ஆடியது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"தம்பி, இதுல என்னமோ இடிக்குதே."

"நாற்காலிதான் சார் இடிக்குது. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஊர்வலம் போனோம். முழங்கினோம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பேரிடி இறங்கும்வரை. ஒரு மாலை, செயற்குழு கூடியிருந்தது. அத்தான் பேச எழுந்தார். எழுந்தவர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார். பல் மருத்துவரின் கண் கூர்மையானது.

"தலைவரே, இளைச்ச மாதிரி இருக்கீங்களே?"

"அப்படியா? புண்ணுகூட ஆறிக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொன்னார்."

பல் மருத்துவர் தணிந்த குரலில் கேட்டார். "கடைசியா எப்போ பிஸ்கட் சாப்பிட்டீங்க?"

அத்தான் கூரையைப் பார்த்தார். விரலை மடக்கினார், விரித்தார். முகம் வெளுத்தது. "ஞாபகம் இல்லையே! வரிசையில நிக்கும்போது கைக்குப் பக்கத்துல இருக்காதா, அது இல்லை. டிவியில பாட்டு வராதா, அதுவும் இல்லை. சத்தியமா நான் நிறுத்தலைங்க. மறந்துபோச்சு!"

இதைவிடப் பெரிய அவமானம் ஓர் இயக்கத்துக்கு வர முடியுமா? யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சொந்த விருப்பத்தால் மட்டுமே பிஸ்கட் தின்பவர் என்று நாங்கள் ஊருக்கெல்லாம் காட்டிய தலைவர், தூண்டுதல் நின்ற கையோடு விருப்பத்தையும் தொலைத்துவிட்டு நிற்கிறார். அதுவும் எப்போது? எங்கள் முழக்கத்துக்கு இறங்கிவந்து அரசாங்கம் நியமித்த விசாரணை அதிகாரி நேரில் வந்து மக்களின் கருத்தைக் கேட்கப்போகும் நேரத்தில்! அங்கே அத்தான் பூரிப்போடு வந்து நிற்க வேண்டும். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு நின்றால் அரசாங்கம் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

"பதற வேண்டாம்" என்றார், வேடிக்கை பார்க்க வந்த தொடர்பு அதிகாரி. "தலைவரோட சுதந்திர விருப்பம் எங்கேயும் போகலை. தூங்குது. எழுப்பி விட்டாப் போதும்."

அவர் வண்டியிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கினார். உள்ளே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கரடி உடை இருந்தது. தொலைக்காட்சியில் வேலை இழந்த அதே கரடி. யார் போடுவது என்ற கேள்வி எழுந்தபோது, தலைவரின் வீட்டு நடமாட்டம் அறிந்தவர், உயரம் சரியானவர், மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லாதவர் என்று மூன்று தகுதிகளையும் உடைய ஒருவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டுக்காக என்று ஏற்றுக்கொண்டேன். அக்காவுக்குத் தெரியக் கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை.

அன்றிலிருந்து காலையும் மாலையும் லிஃப்டில் நின்றேன். உள்ளே வியர்வை ஆறாக ஓடும். மூக்கு அரித்தால் சொரிய முடியாது. தியாகிகள் எல்லாம் இப்படித்தான் பாடுபட்டிருப்பார்கள். அத்தான் ஏறியதும் கதவு மூடும். நான் பாடுவேன். பிறகு பையிலிருந்து இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டி, "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!" என்று கத்துவேன்.

முதல் நாள் அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மச்சான், நீதானே?"

"இல்லை அத்தான். நான் கரடி."

"சரி சரி. பாட்டை இன்னொரு தடவை பாடு."

இரண்டாம் முறை பாடி முடிப்பதற்குள் அவர் கை தானாக நீண்டது. அந்த அழகைக் கண்ணால் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது, கரடியின் வாய் வழியாக. கீழ்த்தளம் வருவதற்குள் இரண்டு பாக்கெட்டும் காலி. வாயைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். "பார்த்தியா, எனக்காத் தோணுச்சு, சாப்பிட்டேன். இதுதான் சுதந்திரம்."

மற்ற உறுப்பினர்களும் சும்மா இருக்கவில்லை. முறை போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்று பாடினார்கள். ஐந்தாம் மாடி அம்மாளுக்கு நல்ல சாரீரம். அக்கா கதவைத் திறந்து, "வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டபோதும் அவர் சுருதி விலகவில்லை. தலைவர் மளமளவென்று பழைய பொலிவுக்குத் திரும்பினார். பெல்ட்டின் புது ஓட்டை வேலையற்றுப்போனது. புண்ணும் பழைய நிலைக்குத் திரும்பியது. அதைப் பற்றி இயக்கம் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.

கருத்துக் கேட்பு நாளும் வந்தது. அவரை அழைத்துப்போக வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார்டா. பாதம் கறுத்துப்போய்க் கிடக்கு. ராத்திரி பூரா காய்ச்சல். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அக்கா, நாடு பெருசா, கால் பெருசா?"

"கால்தான்டா!"

"வரலாறு உன்னை மன்னிக்காது அக்கா."

"வரலாறா வந்து தினம் அவருக்குக் கட்டுப் போடுது? நான்டா போடறேன்!"

அத்தான் உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டே வந்தார். "விடும்மா. ரெண்டு மணி நேரம்தானே. பேசிட்டு வந்துடறேன்." அக்கா வழிவிட்டாள். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. விசாரணை அதிகாரி, கண்ணாடி அணிந்த அமைதியான அம்மையார், மேடையிலேயே குறிப்பெடுக்கத் தயாராக அமர்ந்திருந்தார். அத்தான் மேடையில் முழங்கினார்.

"விளம்பரம் எங்களை மயக்குதாம்! நாங்க என்ன பச்சைக் குழந்தைங்களா? ஒரு பாட்டைக் கேட்டு, ஒரு பொம்மையைப் பார்த்து வாயில போட்டுக்கறதுக்கு?"

அந்த உச்சக்கட்டத்தில், திட்டமிட்டபடி, நான் கரடியாகப் பின்வாசல் வழியே நுழைந்து பாட்டைத் தொடங்கினேன். கூட்டம் முழுக்க என்னோடு சேர்ந்து பாடியது. அத்தானின் பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் சட்டைப்பைக்குள் போனது. வாய்க்கு வந்தது. மறுபடி பைக்குள் போனது. அதிகாரியின் கண்கள் அந்தக் கையோடு போய்ப் போய் வந்தன.

"ஐயா, என்ன சாப்பிடறீங்க?"

"நானா? ஒண்ணும் சாப்பிடலையே!" என்றார் அத்தான். அவர் மீசையில் இருந்த தூள் அதிகாரியின் குறிப்பேட்டில் உதிர்ந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கைதட்டலுக்கு நடுவில்தான் அவர் மேடையில் சரிந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வென்றோம். 'மக்களின் தன்னெழுச்சியான உணர்வுகளுக்கு மதிப்பளித்து' சட்டம் மறு ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. ஆய்வு முடியும்வரை கரடி மீண்டும் உறையில் ஏறியது. பணம் கட்டும் இடத்தில் பிஸ்கட் மலையாகக் குவிந்தது. பின்வரிசைத் தந்தையின் பையன் கடை நடுவே உருண்டு புரண்டு அழுதான். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

தலைவருக்குக் கம்பெனி ஒரு நினைவுப் பரிசு அனுப்பியது. கரடித் தலை வைத்துத் தைத்த, பஞ்சுபோல மெத்தென்ற வீட்டுச் செருப்பு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெருமை செயலாளருக்கே உரியது.

ஆஸ்பத்திரி அறையில் அத்தான் படுத்திருந்தார். போர்வையின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கம் மேடாக இருந்தது. மற்றப் பக்கம் தட்டையாக இருந்தது. அப்போது சுவரிலிருந்த தொலைக்காட்சியில் பாட்டு வந்தது. "கரடிக்குட்டி கதவைத் தட்டுது..." அத்தான் கண்ணைத் திறந்தார்.

"மச்சான், ஒரு பிஸ்கட் குடேன். யாரும் சொல்லலை. நானாத்தான் கேக்கறேன்."

அக்கா எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தாள். என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்தாள். வலது செருப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். இடது செருப்பை என் கையில் திருப்பித் தந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒண்ணு போதும்டா. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு லிஃப்ட்ல கத்துமே ஒரு கரடி, அதுகிட்ட இதைக் குடுத்துடு."

அந்தக் கரடி யார் என்று அக்காவுக்குத் தெரியாது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.