போதைப் பேயும் சங்கிலிக் கத்தியும்

1998ஆம் ஆண்டு. பெங்களூருக்கு வெளியே இருந்த ஒரு சிறையின் வாசலில் வியாழக்கிழமைதோறும் திருவிழாக் கூட்டம். பிரவுன் சுகர் என்ற போதைத்தூளுக்கு அடிமையான கைதிகளின் உடலில் குடியிருந்த போதைப் பேயைப் போதாந்த சுவாமிகள் உள்ளே வந்து ஒரே ஓர் எலுமிச்சம்பழத்தால் விரட்டினார். தலைக்கு மேல் பிடித்துப் பழத்தை வெட்டுவார், இரத்தம் வழியும். பேய் செத்ததாம்! பேய்க்கும் இரத்தம் உண்டு என்பதை உலகம் அங்கேதான் அறிந்தது. காணிக்கையாகத் தாய்மார் தோட்டைக் கழற்றினர். சிறைக் கண்காணிப்பாளர் ரகுராம் பக்தியோடு செருப்பைக் கழற்றினார்.

சிறை மருத்துவமனைச் செவிலி சங்கமித்ராவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. பழம் சிவந்துவிட்டால் கைதி குணமானவன். சிகிச்சைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். கட்டிலும் மாத்திரையும் பறிபோகும். அப்படிக் 'குணமான' ஷங்கர், மூன்றாம் நாள் வாந்தியும் பேதியுமாய் நாடி விழுந்து கிடந்தான். இன்று எத்திராஜின் முறை. விவேக் நகரில் ஆட்டோ ஓட்டியவன். நான்கு நாளாகத்தான் அவன் வயிற்றில் சோறு தங்குகிறது.

"சிஸ்டர், எங்கம்மா வெளிய தோட்டைக் கழட்டிட்டாங்களாம். எனக்குப் பேயில்லன்னா நம்புவாங்களா?"

"பேயும் இல்ல, மண்ணும் இல்ல. உனக்கு இன்னும் மூணு வாரம் மாத்திரை வேணும். சும்மா ஒக்காரு."

சுவாமிகள் பட்டுத்துணியிலிருந்து கத்தியை உருவினார். சங்கமித்ரா குறுக்கே நின்றாள்.

"சார், வெளிக் கத்தி உள்ள வரக்கூடாதுன்னு ரூல்ஸ். நான் தலைவலி மாத்திரை கொண்டாரவே கேட்டுல நாலு கையெழுத்து. சமையக்கட்டுக் கத்தியில வெட்டச் சொல்லுங்க."

"அது மந்திரிச்ச கத்திம்மா!" என்றார் ரகுராம்.

"பேய் பழத்துலதானே சார் எறங்குது? கத்தியிலயா?"

"ரூல்ஸ் அந்த்ரெ ரூல்ஸ், சார்" என்று கன்னடத்தில், விதியென்றால் விதிதான் என வார்டரும் முனகினார்.

சிறைச் சமையற்கூடத்தில் காய் நறுக்கும் கத்தி, மேசையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஊர்வலம் வெங்காயத் தோலை மிதித்துக்கொண்டு அங்கே சென்றது. எத்திராஜ் மேசையருகே குனிந்தான். சுவாமிகளும் குனிய நேர்ந்தது. சங்கிலியின் நீளம் அவ்வளவுதான். வெட்டினார். சாறு வழிந்தது, வெறும் சாறு.

உதட்டில் விழுந்ததை எத்திராஜ் நக்கினான். "உப்பு இருந்தா ஜூஸ் போட்டுரலாம், சாமி."

"பேய் ஒளிஞ்சிக்கிச்சு!" என்று சுவாமிகள் அலறினார்.

"அப்படியா? தேடிப் பாத்துரலாம்."

சங்கமித்ரா பட்டுத்துணிக் கத்தியை எடுத்தாள். ரகுராமின் தலைக்கு மேல் இன்னொரு பழத்தைப் பிடித்து வெட்டினாள். காப்பிகூடக் குடிக்காத அந்த உத்தமரின் வழுக்கையில் சிவப்பாறு ஓடியது.

"ஐயையோ, சாருக்கும் பிரவுன் சுகர் பேயா!" கைதிகளின் சிரிப்பில் அண்டாக்கள் அதிர்ந்தன.

"செம்பருத்திப் பூவை அரைச்சுக் கத்தியில தடவிக் காயவச்சிருக்காரு, சார். புளிப்புப் பட்டா சிவக்கும். இதான் ரத்தம்" என்றாள் சங்கமித்ரா.

அன்றே சுவாமிகளைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். எத்திராஜின் தாய்க்குத் தோடு திரும்பியது. ஷங்கருக்குக் கட்டில் திரும்பியது. ரகுராம் தலையை மூன்று முறை கழுவினார், வெளிப்புறத்தை மட்டும்.

கத்திக்குச் சங்கிலியிட்டது சிறைச் சட்டம். அறிவுக்குச் சங்கிலியிடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, பூட்டியவர்கள் நாமே. சாவியையும் சாமியாரிடம் கொடுத்துவிட்டு, பேயை ஏன் ஐயா வெளியே தேடுகிறோம்?