செத்தவனுக்குக் கண் ஆபரேஷன் கிடையாது

சதுரங்கப்பட்டினம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் தீனதயாளனுக்கு,

கடப்பாக்கத்தில் நீயும் உன் வீட்டாரும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டு வாசு மாமா எழுதுவது. வழக்கமாக இந்த இடத்தில் இங்கு யாவரும் நலம் என்று போடுவேன். இந்தத் தடவை போட முடியவில்லை. நலமா இல்லையா என்பது அப்புறம், நான் இருக்கிறேனா என்பதே தகராறில் கிடக்கிறது. சர்க்கார் ரெக்கார்டுப்படி நான் செத்து நாலு மாதம் ஆகிறது. பதறாதே, இது என் கையெழுத்துதான், உனக்குத் தெரியாததா? போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உன் அக்காவை நினைத்து அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், கடைசியில் விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவோம். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

என் வலது கண்ணில் புரை விழுந்திருப்பது உனக்குத் தெரியும். உன் அக்காவின் காரியத்தன்று உன் பெண்டாட்டியைப் பார்த்து உன் அக்கா பேரைச் சொல்லி "கல்யாணி, தண்ணி கொண்டா" என்று நான் கூப்பிட, பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களே, அது கண் கோளாறுதான் என்று நீ சமாளித்தாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். போன மாதத்திலிருந்து அந்தக் கண்ணில் பஸ் நம்பர்கூடத் தெரியவில்லை. சரி, இனிமேல் சோறு போட்டு மருந்து விட யார் இருக்கிறார்கள், நாமே பார்த்துக்கொள்ளவேண்டியதுதான் என்று இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு, அவர்கள் ஆபரேஷனுக்குச் சொன்ன நாளில் போனேன். திரும்பும்போது கண்ணைக் கட்டி அனுப்புவார்களே என்று நம்ம தெரு ஆல்வினின் ஆட்டோவையே போக வரப் பேசிக்கொண்டேன். வெறும் வயிற்றோடு வரச்சொன்னதால் காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. அங்கே கவுண்டரில் இருந்த பெண் என் கட்டை விரலை நாலு தடவை வைக்கச் சொன்னாள், துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள், இடது கையை வைக்கச் சொன்னாள், பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "ஐயா, உங்க பேரை கார்டுலேருந்து எடுத்துட்டாங்க. டெத்னு காட்டுது" என்றாள். "யாரு டெத்?" என்றேன். "நீங்கதான் ஐயா" என்று அவள் சொன்ன மரியாதை இருக்கிறதே, நான் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

வெளியே வந்தேன். ஆல்வின் டீ குடித்துக்கொண்டிருந்தான். "இன்னா சார், அதுக்குள்ள முட்ச்சிட்டாங்களா? கண்ணுல கட்டே காணோம்?" என்றான். நான் செத்துப்போய்விட்டேனாம், செத்தவனுக்குக் கண் ஆபரேஷன் கிடையாதாம் என்றேன். "அட இன்னா சார் இது பேஜாரு! யார் சொன்னா?" என்றான். கம்ப்யூட்டர் சொன்னது என்றேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சரி குந்து சார். பாடிய வூட்டாண்ட எறக்கிட்டுப் போறேன்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் திருக்கழுக்குன்றம் வரைக்கும் அவனோடு பேசவில்லை. அதற்கப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. உன் அக்கா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்தேன். வீடு பூட்டிக் கிடந்தது.

அதோடு போயிற்றா? மறுவாரம் தபாலில் ஒரு கவர், திருமதி கல்யாணி வாசுதேவன் அவர்களுக்கு என்று. எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்திலிருந்து. பிரித்துப் பார்த்தால் இரங்கல் தீர்மானம். தங்கள் கணவர் முப்பத்தாறு வருடம் டவுன்ஷிப் ஸ்டோரில் கிளார்க்காக இருந்து ஒரு சின்ன ஸ்குரூ ஆணிகூடக் காணாமல் போகாமல் பார்த்துக்கொண்டவர், முத்துமுத்தான கையெழுத்துக்காரர், அன்னாரது பிரிவைத் தாங்கும் மனவலிமையைத் தங்களுக்கு இறைவன் அருளட்டும் என்று அச்சடித்திருந்தது. செயலாளர் முத்துசாமிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். "லிஸ்ட்ல வந்துது, தீர்மானம் போட்டோம். ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னுகூட ஆச்சு வாசு, இப்ப போய் நான் இன்னா பண்றது? அடுத்த மீட்டிங்ல ரத்து பண்றோம்" என்கிறான். உட்கார வைத்து ரத்து பண்ணுவான் போலிருக்கிறது! போனை வைத்துவிட்டு அந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அவளைத் தைரியமாக இருக்கச் சொல்லியிருந்தது. படிக்க அவள் இல்லை. அவளுக்குச் சொன்ன ஆறுதலை நான்தான் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன் தீனா. எனக்கென்று ஒருத்தரும் அப்படி எழுதவில்லையே, அவள் செத்தது யாருடைய லிஸ்டிலும் வரவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

சும்மா விடுவேனா? புல்ஸ்கேப்பில் நாலு பக்கம் புகார் எழுதினேன். உயிரோடிருக்கும் குடிமகனைக் கொன்ற ஊழியரைக் கண்டுபிடித்து வேலையை விட்டே தூக்கவேண்டும் என்று கடைசிப் பத்தியில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். திரும்பவும் செங்கல்பட்டு. மூன்று ஆபீஸ், ஏழு மேஜை. ஒருவர் "உயிரோட இருக்கீங்கன்றதுக்கு ப்ரூப் இருக்கா?" என்றார். நானே வந்திருக்கிறேனே என்றேன். "அது சரி சார், பேப்பர்ல?" என்றார். கடைசியாக ஷபானா என்று ஒரு பெண், என் பெண் அனு வயதுதான் இருக்கும், நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தது. படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்து, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பியது. "இத எழுதினது யாருன்னு பாருங்க சார்."

நான்தான்.

இறப்பு அறிவிப்புப் படிவம். உன் அக்காவை எடுத்த மறுநாள் நான் நிரப்பிக் கொடுத்தது. இந்த ஊரில் ரேஷன் கார்டா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா, பாஸ்போர்ட்டா, எல்லாப் பாரமும் நிரப்ப என் கைக்குத்தான் வரும், உனக்குத் தெரியும். அன்றைக்கும் கை தானாகவே ஓடியிருக்கிறது. முதல் வரியில் பெயர் என்று கண்டதும் வாசுதேவன். தகப்பனார் பெயர், ஆண், வயது அறுபத்தெட்டு. மனைவி பெயர் கல்யாணி. ஆதார் நம்பர்கூட என்னுடையதுதான், மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதானே. எங்கேயும் ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. "இறந்தவரே தகவல் குடுத்து, இறந்தவரே கையெழுத்தும் போட்டிருக்கார் சார்" என்று ஷபானா மெதுவாகச் சொன்னது. அவ்வளவு அழகான எழுத்தை எவன் சந்தேகப்படுவான்? சர்டிபிகேட் வந்தபோதாவது நான் பார்த்திருக்கவேண்டும். பழுப்புக் கவரோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவள் பேரை அதில் படிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

என் புகாரைக் கையில் சுருட்டிக்கொண்டு, அப்படியென்றால் கல்யாணி என்று கேட்டேன். "அம்மா பேரு டெத்ல எங்கயும் இல்ல சார். அவங்க இருக்காங்க" என்றது. இருக்காங்களா என்றேன். "இருக்காங்க சார். கார்டுல குடும்பத் தலைவியே அவங்கதான்" என்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காது கேட்காத மாதிரி இன்னொரு தடவை கேட்டேன். அந்தப் பெண்ணும் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொன்னது. அதற்கப்புறம்தான், இறப்புப் பதிவில் உங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவங்களைப் போடவேண்டும் சார் என்றது.

உன்னிடம் கேட்க வந்தது அதுதான். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீ செங்கல்பட்டு வரவேண்டும். இறந்தது என் உடன்பிறந்த அக்கா கல்யாணி, அவர் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று ரத்த சம்பந்தப்பட்ட ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஆதார் கார்டு, உன் பள்ளிக்கூடச் சர்டிபிகேட், போட்டோ இரண்டு கொண்டு வா. வாசகத்தை நானே எழுதித் தரலாம் என்று மூன்று நாளாக உட்காருகிறேன். ஆயுசுக்கும் பாரம் எழுதியவனுக்கு இந்த இரண்டு வரி வரமாட்டேன் என்கிறது. முதல் தடவை தெரியாமல் அவளைக் காப்பாற்றிவிட்டேன், இப்போது தெரிந்தே எழுதவேண்டும். ஆனால் வேறு வழி இல்லை. கண் இதற்குமேல் தாங்காது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகையால் தவறாமல் வந்து சேர். அனுவுக்கு இது எதுவும் தெரியவேண்டாம், பெங்களூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்து நிற்கும்.

உன் வீட்டாருக்கு என் விசாரிப்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து நூறு வயது இருக்க என் ஆசீர்வாதம். இருக்கிறவன் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் சரி, போனவன் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் சரி, குறைவில்லாமல் பலிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
சி. வாசுதேவன்.

பி.கு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வீடு வீடாக மாத்திரை கொண்டுவருகிற நர்ஸ். பழைய நர்ஸம்மாவுக்கு நம் வீட்டு விஷயம் தெரியும், வருவதில்லை. அவர் மாற்றலாகிப் போய் இப்போது சிநேகா என்று புதுப்பெண். கையில் லிஸ்ட். "கல்யாணி அம்மா இருக்காங்களா?" என்று கேட்டது. நாலு மாதமாக இந்த வாசலில் நின்று யாரும் அப்படிக் கேட்கவில்லை தீனா. இருக்கா என்று சொல்லிவிட்டேன். ரெக்கார்டுப்படி அது பொய்யும் இல்லை. "சுகர் பார்க்கணும், கொஞ்சம் கூப்பிடுங்க ஐயா" என்றது. உள்ளே தூங்குகிறாள், இப்போதுதான் கண்ணயர்ந்தாள் என்றேன். உடனே அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு, "ஐயோ, எழுப்பாதீங்க" என்றது. செருப்புச் சத்தம் கேட்காமல் படியேறி வந்து மாத்திரையை என் கையில் கொடுத்தது. "சாப்பாட்டுக்கு முன்னாடி, மறக்காம குடுங்க. அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி வர்றேன், அன்னிக்கு அவங்கள முழிச்சிருக்கச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தது. சொல்கிறேன் என்றேன். ஆகையால் நீ இந்தத் திங்கட்கிழமை வரவேண்டாம். ஒன்பதாம் தேதி கழியட்டும்.