கரையான் தின்னாத பங்கு

இனிக் கரையான் தின்னக்கூடிய எதையும் நம்புவதில்லை என்று சங்கரநாராயணன் தீர்மானித்த ஆண்டில் குற்றாலத்துச் சாரல் பொய்த்துப்போயிற்று. ஆடி பிறந்தும் அருவிப் பாறையில் ஈரக்கோடு ஒன்றுதான் இருந்தது. தென்காசி முழுவதும் துக்கவீடுபோல் வாடிக் கிடந்தது.

முப்பதாண்டுக் காலம் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு அறையைக் காத்தவர் அவர். காத்தார் என்பது சர்க்கார் வழக்கு. கரையான் தின்றது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருடைய பட்டாவும் பிறப்பும் இறப்பும் மண்ணாய்ப் போனதைத் தம் கையாலேயே அள்ளிக் கொட்டியவர். ஆகவே, கம்ப்யூட்டர் என்னும் மின்சாரக் கணக்குப் பொறிகளுக்கு வேண்டிய விவரங்களை அட்டையில் துளையிட்டும் காந்த நாடாவில் பதித்தும் சேமித்துத் தரப்போகும் சென்னைக் கம்பெனி ஒன்று பங்கு விற்கிறது என்று படித்த அன்று, அவர் கண்ணில் நீர் துளிர்த்தது. பிழைக்க வழி கண்டதாகவே எண்ணினார்.

பங்கு வாங்கக் கையில் பொருளில்லை. மனைவி வடிவம்மாளின் பெயரில், அவள் தகப்பனார் எழுதிவைத்த பண்பொழித் தென்னந்தோப்பு மட்டும் இருந்தது. முதுமைக்கு இருவருக்கும் அதுவே சோறு.

ஜவுளிக்கடை முகம்மது இஸ்மாயிலும் அதே கம்பெனியில் சில பங்கு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடையில் விவாதம் நடந்தது.

"அண்ணாச்சி, அந்த மிஷினு நாடு பூரா எத்தனை இருக்கு?"

"இப்பம் விரல்விட்டு எண்ணிரலாம். நாளைக்கு ரயில்வே வாங்குவான், இன்சூரன்ஸ்காரன் வாங்குவான். தாலுகா தாலுகாவா வந்துரும்!"

"தாலுகாவுக்கு இன்னும் ஃபேனே வரலியே வே!"

"ஒரு ஊரு ஜனத்தையே ஒரு பெட்டிக்குள்ள அடைச்சிரலாம் பாய்."

"அடைச்சிரலாம். சோறு ஆரு போடுவா? ஓட்டை போட்ட அட்டைய எங்க வாப்பா காலத்துலேருந்து தறிமேல தொங்கவிட்டிருக்கோம். சேலையில பூ விழுது, மாங்கா விழுது. பணம் விழுந்து பாத்ததில்ல."

"அது சேலை. இது ஞாபகம். மனுசனுக்கு ஞாபகம் வேண்டாமா?"

"வேணும். அதைக் காசு குடுத்து வாங்குதவனும் வேணும்லா? பத்து வருசம் கழிச்சு வாரான்னு வையும். அதுவரை நீரு எதைத் திம்பீரு, அட்டையவா?"

"ஒண்ணு நாலா ஏறும், பாத்துக்கிட்டே இரும்!"

"ஏறட்டும், நான் ஏறல. தோப்பை விக்கத்தான் போறீருன்னா வெளியாளுக்கு எதுக்கு? நானே வாங்கிக்கிடுதேன்."

கம்பெனி வேண்டாம் என்றவரே தோப்பு வேண்டும் என்கிறார். அதிலேயே ஒரு செய்தி இருந்தது. ஆனால் ஆசை குடிபுகுந்த செவியில் வேறொன்றும் நுழைவதில்லை.

வீட்டில் வடிவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, தோப்பை வித்து அந்தக் கம்பெனிப் பங்குக்கு மனுப் போட்டுருவமா?"

கீரைத்தண்டு ஒன்று முறிந்தது. அவ்வளவுதான்.

"உங்க சொல்லை நான் என்னைக்கு மீறியிருக்கேன்? மனு என்னைக்குள்ள போகணும்?"

"வெள்ளிக்கிழமை சாயங்கால ரயில்ல போனாத்தான் உண்டு."

"அப்பம் வெள்ளிக்கிழமையே பதிஞ்சிருவோம். அம்மனுக்கு உகந்த நாளு."

இத்தகைய இல்லாளைப் பெற என்ன தவம் செய்தோமோ என்று அவர் உருகிப்போனார்.

வெள்ளியன்று ராகுகாலம் கழியவேண்டும் என்றாள். பின்பு கோயிலுக்குப் போனாள். பதிவு ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. இஸ்மாயில் பணத்தோடு காத்திருந்தார். சார்பதிவாளரோ ஊருக்குப் புதியவர். சட்டப் புத்தகத்தைத் தவிர வேறு உறவறியாதவர்.

"உங்க பேரும்மா?"

"வடிவம்மாள்."

"கணவர் பேரு?"

அவள் தலைகுனிந்தாள்.

"கணவர் பேரும்மா!"

"அதை எப்படிய்யா என் வாயால சொல்ல? சொன்னா அவுக ஆயுசு கொறையும்லா?"

முதற்கணத்தில் சங்கரநாராயணனின் நெஞ்சு பெருமையால் விம்மியது. மறுகணம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் சொல்லுதேன் சார்."

"நீர் சொல்லப்படாது. எழுதிக் குடுக்கிறவங்க வாயால வரணும். ஜாடையாவது சொல்லுங்கம்மா."

"சாமி பேருதான்யா."

"எந்த ஊர்ச் சாமி?"

"அந்த ஊர்ப் பேருக்குள்ளேயே அவுக பேரு பாதி இருக்கேய்யா!"

"சரி, எழுதிக் காட்டுங்க."

"வாய் செய்யாத பாவத்தைக் கை செய்யலாமா?"

"ஏளா, சொல்லித் தொலை! என் ஆயுசு போனாப் போகுது!"

"ஐயோ, உலகம்மை தாயே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன வார்த்தை சொல்லுதாக!"

அவள் கண்கள் நிறைந்தன. ஆபீஸ் முழுவதும் அந்தப் பாவியை முறைத்தது. ஒரு குமாஸ்தா எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கடிகாரம் ஐந்தடித்தது. சார்பதிவாளர் புத்தகத்தை மூடினார்.

"திங்கக்கிழமை வாங்க."

இஸ்மாயில் பணப்பையை மடித்து இடுப்பில் செருகினார். "அல்லா ஆரையோ காப்பாத்திட்டான் அண்ணாச்சி. உம்மையா, என்னையான்னுதான் தெரியல" என்று சொல்லிப் போய்விட்டார்.

வெளியே மலை மேகமற்று நின்றது. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சென்னை ரயிலின் ஊதல் எழுந்து தேய்ந்தது. வாழ்நாளில் தமக்கென்று வந்த ஒரே நம்பிக்கை அந்த ரயிலில் ஏறாமல் நின்றுவிட்டதே என்று சங்கரநாராயணன் ஊதல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு கைகாட்டி ஒரு குதிரைவண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டார். பின்னால் வடிவம்மாள் ஏறினாள்.

"எங்கன போகணும் ஆச்சி?" என்றான் வண்டிக்காரன்.

வடிவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"தெற்கு மாசி வீதி. சங்கரநாராயணன் வீடு."