பொத்தானளவு தோல்

"அவசரமே இல்லப்பா, மெதுவாப் பாரு" என்று முதலாளி கிறிஸ்துராஜ் சொன்னதும் முகேஷ்குமாருக்கு உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது.

காரணம் உண்டு. போன மாதம் கணக்குப் பிரிவு ரொனால்டிடமும் அவர் இதையேதான் சொன்னார். "அவசரமில்ல ரொனால்டு, மெதுவாச் செய்யுங்க." அன்று சாயங்காலமே ரொனால்டு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில் இன்றுவரை யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தொற்றிக்கொள்ளுமோ என்று பயம்.

முதலாளியின் மேசைமேல் ஒரு நீளமான தோல் உறை கிடந்தது. டிரைவர் அய்யனார் சற்றுமுன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போயிருந்தார். உறைக்குள் முதலாளியின் ஸ்நூக்கர் கம்பு. அதன் நுனியில் பித்தளைப் பூண் இருந்தது. பூணுக்கு மேல் சட்டைப் பொத்தானளவு ஒரு தோல் இருக்கவேண்டும். அதைக் காணோம். பந்தைத் தொடுவது அந்தத் தோல்தான். அது இல்லாவிட்டால் அந்தக் கம்பால் ஒட்டடைதான் அடிக்கலாம்.

"டிப்பு தானா விழுந்துருச்சு" என்றார் முதலாளி, ஜன்னலைப் பார்த்தபடி. "நீதான் காலேஜ்ல சாம்பியனாச்சே. நல்ல தோலாப் பாத்து நீயே மாட்டிக் கொண்டா. கடையில வாங்கக் கூடாது. தோல் ஷாப்பு வச்சிருக்கவன் வெளியில தோல் வாங்குனான்னா திண்டுக்கல்லே சிரிக்கும். நம்ம தோல்லதான் செய்யணும். ஒரு மாசம் ஆனாலும் சரி, ரெண்டு மாசம் ஆனாலும் சரி."

"சரிங்க முதலாளி" என்றான் முகேஷ்குமார்.

சாம்பியன் விவகாரத்தை இங்கேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. வேலை கேட்டு வந்த அன்று இதே உறை இதே அறையின் மூலையில் சாய்ந்திருந்தது. "ஸ்நூக்கர் ஆடுவியா?" என்று முதலாளி கேட்க, "காலேஜ்ல சாம்பியன் சார்" என்று இவன் வாய் முந்திக்கொண்டது. உண்மையில் அவன் கேரம்போர்டில்கூடச் சிவப்புக் காயைப் போட்டதில்லை. வேலை கிடைத்தது. இந்த மாதக் கடைசியில் அது நிரந்தரமாக வேண்டும். ஆகாவிட்டால் அய்யலூரில் ஆட்டு வியாபாரம் செய்யும் மாமனார் பொன்னுத்துரை காத்துக்கொண்டிருக்கிறார். "வேல போனா கவலப்படாதீக மாப்ள, சந்தையில நம்மகூட வந்து நில்லுங்க" என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்ன மனிதர் அவர். முகேஷ்குமார் ஒருமுறை போய் நின்றும் பார்த்தான். அன்று ஒரு கிடா அவனைப் பார்த்த பார்வையை அவனால் இன்னும் மறக்க முடியவில்லை.

உறையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் போன் அடித்தது. முதலாளியின் மனைவி ஜெயமேரி.

"முகேசு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு நம்ம பங்குல இருந்து எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாராக. நீயும் முதலாளியும் ஆடப்போறீக. அவுககிட்ட நேத்தே சொல்லிட்டேன். இருக்கது ஒரு ஸ்டிக்குதான், மாத்தி மாத்தி ஆடிக்கிருங்க. அதுக்குள்ள டிப்ப மாட்டிரு."

"முதலாளி அவசரமில்லன்னு சொன்னாருங்கம்மா."

"அவுக அப்படித்தான் சொல்லுவாக. ஞாயித்துக்கிழமை ஆட்டம் நடக்கலேன்னா நான் கோவக்காரி, தெரியும்ல."

ஆக, தோலை மாட்டாவிட்டால் வேலை போகும். மாட்டினால் ஆடவேண்டும், ஆடினால் குட்டு உடைந்து வேலை போகும். முதலில் தோலை மாட்டுவோம், மற்றதை மாதா பார்த்துக்கொள்வாள் என்று, வேறு சாமி கும்பிடுகிற முகேஷ்குமார், அவசரத்துக்கு முதலாளியின் சாமியிடமே வேண்டிக்கொண்டான்.

தோல் பதனிடும் அந்த ஷாப்பில் தரம் பிரிக்கிறவர் ரஹ்மத்துல்லா. எல்லாத் தோலைப் பற்றியும் உறுதியான கருத்து வைத்திருப்பவர். அந்தக் கருத்து அன்றைக்கு மட்டும் செல்லும்.

"எதுக்குத் தம்பி தோலு?"

"பந்து அடிக்க, பாய். கல்லு மாதிரி பந்து."

"அப்ப மெத்துன்னு இருக்கணும். கெட்டியும் கெட்டியும் மோதுனா என்ன ஆகும்னு எங்க வீட்டுல வந்து பாரு." வெள்ளாட்டுத் தோலில் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தார்.

அகரத்தில் உள்ள தன் வீட்டுக்கு வந்ததும் போனில் வீடியோ போட்டுப் பார்த்தான். வெள்ளைக்காரர் ஒருவர் தூங்கி எழுந்தவர் மாதிரி சாவகாசமாகப் பேசினார். பூணின் மேல் பசை தடவினார், தோலை வைத்தார், ஓரத்தைப் பிளேடால் சீவினார், உப்புத்தாளால் தேய்த்துக் குவித்தார். அவ்வளவுதான். முகேஷ்குமாரும் பசை தடவினான், வைத்தான். சீவும்போது பிளேடு தோலை விட்டுவிட்டுப் பூணைத் தாண்டிக் கம்பிலேயே இறங்கியது.

"என்னங்க, மரத்தச் சீவுறீக?" என்றாள் மனைவி கீர்த்தனா.

"கை நடுங்குது கீர்த்தனா."

"ஆடத் தெரியாதுன்னு சொல்லிட்டா நடுக்கம் நின்னுரும்ல."

"சொன்னா உங்கப்பாகூட ஆட்டுக் கயித்தப் பிடிக்கணும்."

கீர்த்தனா பிளேடை எடுத்து அவன் கையில் திரும்பக் கொடுத்தாள். அப்பாவின் சந்தைச் சட்டையைத் துவைத்து வளர்ந்தவள் அவள்.

மறுநாள் முதலாளி நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சீவின இடத்தை முகேஷ்குமார் கையால் மறைத்துக்கொண்டிருந்தான்.

"மெத்தை மாதிரி இருக்கே. இதுல அடிச்சா பந்துக்குத் தூக்கம் வந்துரும். வேற பாரு" என்றார். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னார். "அவசரமில்ல."

எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்று முகேஷ்குமார் நடுங்கிப்போனான். ஒரே அழுத்தில் கண்டுபிடித்துவிட்டாரே. உறைக்குள் பார்த்தால் நுனியில் தேய்க்கிற நீலச் சுண்ணக்கட்டிகூட மேலே சுற்றிய தாள் கசங்காமல் புத்தம் புதிதாக இருந்தது. சாமானை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறார். இந்த மனிதர் கையில் மாட்டினால் எலும்பு தேறாது.

"கெட்டியா வேணும்குறாகளா? அப்ப எருமைதான்" என்றார் ரஹ்மத்துல்லா.

"நீங்கதான பாய் மெத்துன்னு இருக்கணும்னீக?"

"அது நேத்து."

செருப்புக்கு அடித்தோலாகப் போகும் எருமைத் தோல் வந்து சேர்ந்தது. ஆனால் ஒட்டிய ஆட்டுத்தோல் உயிரே போனாலும் வரமாட்டேன் என்றது. சூடு காட்டினால் பசை இளகும் என்று யாரோ சொன்னதை நம்பி, கம்பின் நுனியை அடுப்பில் காட்டினான். அந்த நேரம் பார்த்து கீர்த்தனா, "ரசம் பொங்குது, தள்ளுங்க" என்றாள். இவன் நகர, கம்பு இன்னும் தீக்குள் போயிற்று. தோல் வந்தது. பூணும் வந்தது. பூணுக்குள் இருந்த மரம் கரிக்கட்டையாக வந்தது.

முகேஷ்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கீர்த்தனாதான் அரிவாள்மனையை எடுத்துப்போட்டு, முருங்கைக்காய் நறுக்குகிற மாதிரி கரிந்த பகுதியை நறுக்கி எறிந்தாள்.

"கொஞ்சூண்டுதான். யாருக்குத் தெரியப்போகுது" என்றாள்.

காலையில் பூணைத் தட்டி மாட்டி, எருமைத் தோலை ஒட்டி, காய்கிறவரை அழுத்திப் பிடித்தான். இம்முறை தோல் உறுதியாக ஒட்டியது. அழுத்தின கட்டைவிரலும் கூடவே ஒட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கம்பும் கையுமாகவே டவுன் பஸ்ஸில் ஏறினான்.

"அந்தக் கம்பக் கீழ வைங்க, ஆளுக கண்ணுல குத்திரப் போகுது" என்றார் கண்டக்டர்.

"வைக்க முடியாதுண்ணே."

"ஏன், வேண்டுதலா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டான். பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள்.

ஷாப்பில் ரஹ்மத்துல்லா ஏதோ எண்ணெயைத் தடவி, "பிஸ்மில்லா" என்று ஒரே இழுப்பாக இழுத்தார். விரல் விடுபட்டது. அதன் தோலில் ஒரு சிட்டிகை எருமைத் தோலோடு தங்கிவிட்டது. கடையில் வாங்கக் கூடாது, நம்ம தோலாக இருக்கவேண்டும் என்று முதலாளி சொன்னதற்கு இதைவிட ஒருவன் என்ன செய்ய முடியும்?

முதலாளி நுனியை மேசையில் தட்டினார். டொக்கென்றது.

"இது டிப்பா சுத்தியலா? பந்து உடைஞ்சுரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முடியலேன்னா ஒண்ணும் பாதகமில்லப்பா. என்னால முடியலம்மான்னு நீயே அம்மாகிட்டச் சொல்லிரு. நான் எதுவும் நினைக்க மாட்டேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவனா முகேஷ்குமார்? நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, என் கையால் வெளியே தள்ள வைக்காதே என்று அர்த்தம். "முடியும் முதலாளி. உயிரக் குடுத்தாவது முடிப்பேன்" என்றான். முதலாளியின் முகம் இருண்டது. கோபத்தை அடக்குகிறார் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

"அடியில எருமை, மேல ஆடு. ரெண்டையும் சேத்து ஒட்டு" என்பது ரஹ்மத்துல்லாவின் சனிக்கிழமைக் கருத்து.

எருமையைக் கழற்ற அடுப்பு வேண்டாம் என்று ரம்பத்தை எடுத்தான். ரம்பம் கோணிக்கொண்டு போனது. கோணலை நேராக்கப் போக, மரம் நீளவாக்கில் பிளந்தது. பிளவு முடிகிற இடம்வரை அறுத்தார்கள். கம்பு கீழே போகப்போகப் பருமன் அல்லவா, பூண் அதில் ஏறமாட்டேன் என்றது. பூணே வேண்டாம் என்று முடிவாயிற்று. சட்டைப் பொத்தானளவு இருந்த தோல் இப்போது கோட்டுப் பொத்தானளவு தேவைப்பட்டது.

ஒட்டி முடித்ததும் கீர்த்தனா கம்பைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"அன்னைக்கு என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. இப்ப தோளுக்குக் கீழ நிக்குது."

முகேஷ்குமார் கம்பை வாங்கி உறைக்குள் போட்டு மூடினான்.

"எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைக்கவா?" என்றாள் அவள், ஆதரவாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டு ஹாலில் பங்கு மக்கள் வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக நிறைந்திருந்தார்கள். பிரியாணி வாசனை வந்தது. நடுவே பச்சைத் துணி போர்த்திய பெரிய மேசையில் பந்துகள் முக்கோணமாக அடுக்கியிருந்தன. முதலாளி மூலையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஆட்டத்துக்கு முன் புலி இப்படித்தான் உலாத்தும் என்று முகேஷ்குமார் எண்ணிக்கொண்டான்.

"வந்துட்டான் சாம்பியன். டிப்பு ரெடிதான?" என்றாள் ஜெயமேரி.

முகேஷ்குமார் உறையை நீட்டினான். மறைக்க இனி எதுவுமில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அய்யலூர் பஸ் ஏறுவது என்று தீர்மானித்திருந்தான். "முதலாளி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லாத" என்றார் முதலாளி.

உறையைத் திறந்தார். கம்பை எடுத்தார். நிமிர்த்தினார். அது அவர் மார்பளவோடு நின்றுவிட்டது. நுனியில் கோட்டுப் பொத்தான் உட்கார்ந்திருந்தது. முதலாளியின் மீசை துடித்தது. முகேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டான்.

"எல்லாரும் பாத்துக்கங்க" என்று முதலாளி கம்பை உயரத் தூக்கினார். குரல் தழுதழுத்தது. "என் ஸ்டிக்கு போச்சு. இனிமே இதுல யாரும் ஆட முடியாது."

"வேற ஒண்ணு வாங்கிக்கிருவோம்" என்றாள் ஜெயமேரி.

"வேறயா? என் கை இன்னொரு ஸ்டிக்கத் தொடாது மேரி. இன்னையோட இந்த ஆட்டத்தையே விட்டுட்டேன்."

ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜெயமேரி ஒரு நிமிடம் முறைத்துவிட்டு, பிரியாணி ஆறுகிறது என்று எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டாள்.

கூட்டம் நகர்ந்ததும் முதலாளி முகேஷ்குமாரின் தோளில் கைவைத்தார். அந்தக் கை கழுத்துக்கு வரும் என்று இவன் காத்திருந்தான்.

"நாளையிலேருந்து உன் வேல நிரந்தரம்" என்று காதோடு சொன்னார். "ஆனா ஸ்நூக்கருங்குற வார்த்தை இனி உன் வாயில வரக்கூடாது."

முகேஷ்குமார் பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தான். மகிழ்ச்சியா, பயமா, அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரொனால்டை அவசரமில்லை என்று சொல்லி அனுப்பியவர், உயிருக்கு உயிரான கம்பைக் கொன்றவனுக்கு வேலையை நிரந்தரமாக்குகிறார் என்றால் அதற்குள் என்ன பொறி இருக்கிறதோ?

பஸ் ஸ்டாண்டில் விட்டுவர அய்யனார் காரை எடுத்தார். மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் முகேஷ்குமாருக்கு அடக்க முடியவில்லை.

"எவ்வளவு பெரிய மனசுண்ணே அவருக்கு. அந்தத் தோலு மட்டும் தானா விழாம இருந்திருந்தா, எனக்கு இம்புட்டுப் பாடும் இல்ல, அவருக்கு இம்புட்டு வருத்தமும் இல்ல."

அய்யனார் கண்ணாடி வழியாக அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தானா விழுந்துச்சா? நல்லாச் சொன்னீக தம்பி. ஐயாவுக்கு அந்த ஆட்டத்துல ஆனா ஆவன்னா தெரியாது, சாம்பியன்கூட ஆடணும்னு அம்மா சொன்ன அன்னைக்கே கார் ஷெட்டுல உக்காந்து, குறடு வச்சுப் பிடுங்குனாக; நான்தான கம்பப் பிடிச்சுக்கிட்டேன்."