குரோட்டன் நட்ட படகு

தண்ணீர் இல்லாமல் படகோட்டக் கற்றுக்கொடுத்து, தண்ணீரில் கோப்பை வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் கல்லூரியின் துடுப்பு சார். அப்போது நான் அங்கே முதல்வர். தாவரவியல்காரன்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் இருந்த எங்கள் கண்மாயில் கார்த்திகையில் தண்ணீர் வரும், மாசியில் மாடு மேயும். மற்ற மாதங்களில் காய்ந்த கண்மாயின் நடுவே படகைப் போட்டு, நான்கு பையன்களை ஏற்றி, காற்றைத் துழாவ வைப்பார். ஒருநாள் கரையில் பைக்கை நிறுத்திய சேத்தூர்க்காரர் ஒருவர், "ஏலே, சோழபுரம் எப்பப் போய்ச் சேரும்? நானும் ஏறிக்கிடுதேன்" என்றார்.

துடுப்பு சார் திரும்பவே இல்லை. "அங்க நிக்காது அண்ணாச்சி. இது எக்ஸ்பிரஸ்."

ஆள் எடுப்பது ஆடிப்பூரத் தேரோட்டத்தில். ஊரே ஆண்டாளைப் பார்க்க, இவர் வடம் பிடிப்பவர்களைப் பார்ப்பார். "கத்துதவன் வேண்டாம் சார். பாதித் தெம்பு தொண்டையிலயே போயிரும். அந்தா, வாயை மூடிக்கிட்டு இழுக்கான் பாருங்க, அவன் நம்ம காலேஜானு விசாரிங்க." இல்லையென்றால் அடுத்த ஜூனில் சேர்த்துவிடுவார்.

ஏரியும் காயலும் உள்ள ஊர்க் கல்லூரிகளை இந்தக் காய்ந்த கூட்டம் வருஷம் தவறாமல் ஜெயித்தது.

ஒருமுறை ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. துடுப்பு சார் விடுப்பில் இருந்தார். வாசலுக்கு அழகு வேண்டுமே என்று, சும்மா கிடந்த படகைத் தூக்கி வரச் சொல்லி, செங்கல்மேல் நிறுத்தி, செம்மண் நிரப்பி, குரோட்டன் நட்டேன். குழு மெச்சியது. திரும்பி வந்த துடுப்பு சார் குனிந்து படகின் அடியைத் தடவினார்.

"ஓட்டை போட்டிருக்கீகளா சார்?"

"தண்ணி தேங்குனா வேர் அழுகிருமே."

"அதுவும் சரிதான்."

அந்த வருஷம் பார்த்து நல்ல மழை. போட்டி நெருங்கும்போது கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தது, படகுதான் இல்லை. பையன்களைக் கல்லூரிப் பேருந்தின் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒட்டடைக் கம்பைக் கொடுத்துப் பழக்கினார். "இவனுக தள்ளுத தள்ளுல டீசல் மிச்சமாகுது சார்" என்று டிரைவர் என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன்.

அந்த முறை தோற்றார்கள். நிர்வாகக் கூட்டத்தில் காரணம் கேட்டபோது துடுப்பு சார் எழுந்து, "பழக்குனது நான். தப்பும் எம்மேலதான்" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. படகோட்டப் பிரிவை அன்றே மூடினார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பவன் எல்லாம் அவர் தேடும் ஆள் இல்லை என்று எனக்குப் புரிந்ததும் அன்றுதான்.

கடற்கரை ஊர்க் கல்லூரி ஒன்று அவரைக் கூட்டிக்கொண்டது. இப்போது அவர் பையன்கள் மெடல் வாங்குவதைப் பேப்பரில் பார்க்கிறேன். கிளம்பும் அன்று குரோட்டன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படகுன்னா தண்ணி வேணும் சார். வெளிய இல்லாட்டி உள்ளயாவது ஊத்துங்க."

ஓய்வுபெற்ற பிறகும் தினமும் காலையில் நடந்துபோய் ஊற்றுகிறேன். தோட்டக்காரர் இருக்கிறார், இந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். ஊற்றிய தண்ணீர் ஓட்டை வழியாகச் சொட்டி முடியும்வரை நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.