படுத்துக்கொண்டே கம்ப்யூட்டர் பழுது பார்த்தவர்

திருவண்ணாமலையில் 'பேட் கமாண்ட்' சாரை விடக் களைத்துப்போன மனிதர் யாரும் இருந்ததில்லை. மலையைச் சுற்றிவிட்டு வந்து காலை நீட்டியவர்கள்கூட அவருக்குப் பக்கத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி தெரிவார்கள்.

எண்பதுகளின் கடைசி. தீபத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்கும் தொண்டர் சங்கத்தில் நான் எழுத்தர். யாரோ ஒரு புண்ணியவான் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டார். தொலைந்தவர்களின் பெயர், ஊர், அடையாளமெல்லாம் அதில் ஏற்றினால் தேடுவது சுலபம் என்று தலைவர் முடிவு செய்தார். அதற்கான டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை ஃப்ளாப்பியிலிருந்து மெஷினுக்குள் ஏற்றினோம். அதன் பெயரை அடித்து என்டரைத் தட்டினால், 'பேட் கமாண்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நீ கேட்டது என்னிடம் இல்லை, போ என்று அர்த்தம்.

"அதுக்குக் காதுல விழல போல. பெரிய எழுத்துல அடிப்பா," என்றார் தலைவர்.

அடித்தேன். பெரிய எழுத்திலும் விழவில்லை. தேங்காய் உடைத்தோம். தேங்காய் நன்றாக இருந்தது.

அதன்பிறகுதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்த அவரைக் கூப்பிட்டோம். ஊரில் எங்கே அந்த வரி வந்தாலும் அவர்தான் போய்ச் சரிசெய்வார் என்பதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை, அவர் கொஞ்சம் தெம்பாக இருக்கும்போது கேட்கலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். ஈரத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டார்.

"நீங்க அடிங்க. வர்றதப் படிங்க. நான் பார்த்தா கோவம் வரும். கோவப்பட எனக்குத் தெம்பு இல்ல."

"சரி சார்."

"இப்ப எங்க நிக்குது?"

"மேஜை மேல சார்."

அவர் விட்ட பெருமூச்சில் துண்டின் நுனி ஒருமுறை மேலெழுந்து தணிந்தது. "எந்த டைரக்டரியில நிக்குதுன்னு கேட்டேங்க."

டைரக்டரி என்றால் மெஷினுக்குள் ஃபைல்களை வைக்கும் அறை மாதிரி; சாஃப்ட்வேர் ஓர் அறையில் இருந்தது. மெஷின் வேறொன்றில் நின்றுகொண்டு தேடியது.

"கீழ்பென்னாத்தூர்ல இருக்கிற ஆள வேங்கிக்கால்ல நின்னுக்கினு கூப்பிட்டா வருவானா? எங்க போய்த் தேடணும்னு அதுக்கு வழி எழுதிக் குடுக்கணும்."

மெஷின் எழுந்ததும் முதலில் படிக்கிற ஃபைல் ஒன்று உண்டு. அதில் 'பாத்', அதாவது வழி, என்று தொடங்கும் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். டேட்டாபேஸ் திறந்தது.

"திறந்துடுச்சு சார்!"

பதில் குறட்டையாக வந்தது.

தீபத்தன்று காலையிலிருந்து பெயர்களை ஏற்றிக்கொண்டே இருந்தோம். மதியம் கரண்ட் போய் வந்தது. மெஷினைப் போட்டால் திரையில் 'ஓம் நமசிவாய' என்று இங்கிலீஷ் எழுத்தில் வந்தது. டேட்டாபேஸைக் கூப்பிட்டால் அதே பழைய வரி. என் மேஜைக்கு முன்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு பூ வாங்கப் போனாருங்க. காணோம்."

"மைக்ல கூப்பிடுறோம்மா."

"அவருக்குக் காது கேக்காதுங்க. மைக்ல கூப்பிட்டு இன்னா பிரயோஜனம்?"

எங்கள் தொண்டர்கள் ஊரெங்கும் பந்தல் போட்டு, கிடைத்தவர்களின் அடையாளத்தை எங்களுக்குச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் எந்தப் பந்தலில் இருக்கிறார் என்பது அந்த மெஷினுக்குத்தான் தெரியும். பேட் கமாண்டைக் கூட்டிவர ஓர் ஆள் ஓடினார்.

அவர் நடந்து வரவில்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டது. பெஞ்சு முழுக்கத் தொலைந்தவர்கள். அவர்களுக்காகத் தரையில் விரித்த பாயின் ஓரத்தில் படுத்தார். துண்டு கண்ணுக்குப் போயிற்று.

"ஆன் பண்ணா மொதல்ல இன்னா வருது?"

"ஓம் நமசிவாய வருது சார்."

"அத யாரு எழுதுனது?"

"நம்ம மச்சான்தான்," என்றார் தலைவர் பெருமையாக. "காலையில நான்தான் எழுதச் சொன்னேன். எழுந்ததும் சாமி பேரச் சொல்லட்டுமேன்னு."

மெஷின் எழுந்ததும் படிக்கிற அந்த ஃபைலையே மச்சான் புதிதாக எழுதியிருந்தார். எங்கள் வரி போயே போய்விட்டது. காலையில் மெஷின் பழைய ஃபைலை ஏற்கெனவே படித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"நல்ல காரியங்க," என்றார் பேட் கமாண்ட், துண்டுக்குள்ளிருந்து. "சாமி இருக்காரு. வழிதான் இல்ல."

தலைவர் பதறினார். "அழிச்சிடலாங்களா?"

"வேணாம், சாமி மேல இருக்கட்டும். கீழ நம்ம வரிய அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்; முடிந்ததும் மெஷினை அணைத்து மறுபடி போடவும் சொன்னார். அடித்தேன். டேட்டாபேஸ் திறந்தது. காது கேளாதவர், கையில் பூ, பஸ் ஸ்டாண்ட் பந்தல். ஒரு தொண்டர் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது அந்தம்மா புருஷனைத் தெருவே கேட்கும்படி திட்டிக்கொண்டு வந்தார். புருஷன் பூவைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் எல்லோரும் அரோகரா போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்கள். பேட் கமாண்ட் மட்டும் பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த தொண்டர் ஒருவர் அவர் பக்கத்தில் குனிந்தார்.

"பாவம், இவர யாரு விட்டுட்டுப் போனாங்க? எழுப்பி ஊர் பேரு கேக்கட்டுமா?"

"எழுப்பாதீங்க," என்றேன். "அவரு நம்மகூட வந்தவரு."